10-க்கு 10 அறை, தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ்: முகாம் வீடுகளின் காற்றை யார் கவனிப்பது?

கோவையிலிருந்து சிறுவாணி போகும் சாலையில், ஆலாந்துறைக்குப் பக்கத்தில் பூலுவப்பட்டி. ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர், அறச்சலூர். கரூரில் இராயனூர். இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன.

முகாம் பற்றிய செய்தி என்றால் குடியுரிமை வரும், பணக்கொடை வரும், தேர்தல் நேரத்தில் வாக்குறுதி வரும். வீட்டுக்குள் இருக்கும் காற்று மட்டும் வராது. அவசரத்துக்கு என்று கட்டிய வீட்டில் பல வருஷம் குடியிருக்க நேர்ந்தால், கேள்விக்குள்ளாக வேண்டிய முதல் விஷயமே அந்தக் காற்றுதான்.

தமிழ்நாட்டில் பல முகாம்களில் பழைய வீடுகளின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இப்போது அரசு பழைய வீடுகளுக்குப் பதிலாகப் புது வீடு கட்டித் தருகிறது. வரவேற்க வேண்டிய வேலை. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையில் இருக்கும் நாட்களைவிட, அதை உடைத்து இறக்கும் அந்த ஒரு நாள்தான் காற்றில் அதிகம் கலக்கும். அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

'தற்காலிகம்' எப்படி 40 வருஷம் ஆனது?

1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் வரத் தொடங்கினார்கள். 1990-ல் மறுபடி போர் மூண்டபோது அடுத்த அலை. 90களின் நடுவில் ஒன்று, 2006-ல் இன்னொன்று. 2021 ஆகஸ்டில் சட்டப்பேரவையில் அரசு சொன்ன கணக்குப்படி, 1983 முதல் வந்தவர்கள் மொத்தம் 3,04,269 பேர். பலர் திரும்பிப் போனார்கள். அந்த அறிவிப்பு வந்த நேரத்தில் 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் 18,944 குடும்பங்கள், அதாவது 58,822 பேர் இருந்தார்கள்.

வந்து இறங்கியவர்களுக்கு முதலில் கிடைத்தது குடோன், காலிக் கட்டடம், ஓலைக் குடிசை, தார் ஷீட் கொட்டகை. பிறகு 10-க்கு 10 அடியில் வரிசையாக அறைகள் வந்தன. கோவை, திருப்பூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். மில் தொழிலாளிக்கும் பனியன் கம்பெனி தொழிலாளிக்கும் வாடகைக்கு விடும் லைன் வீடு மாதிரி. ஒரே அறையில் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம்.

"சீக்கிரம் திரும்பிப் போயிடுவாங்க" என்பதுதான் அன்றைய கணக்கு. சில மாசத்துக்கு என்றால் எந்தக் கூரையும் ஓகேதான். அதனால் மலிவு, எடை குறைவு, சீக்கிரம் போட்டு முடிக்கலாம் என்று ஷீட்டைப் போட்டார்கள். அன்றைக்கு அது தப்பான முடிவு என்றும் சொல்ல முடியாது. அந்த அறையில் பிறந்த குழந்தைகளுக்கே இன்றைக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும் இதே கதை இன்னொரு வடிவத்தில் நடந்தது. கடலோர மாவட்டங்களில் அவசரமாகப் போட்ட தார் ஷீட் கொட்டகைகளில் கோடை வந்ததும் பகலில் உள்ளே உட்கார முடியவில்லை. நிவாரணம் என்றால் தலைக்கு மேல் ஒரு மறைப்பு என்பதோடு யோசனை நின்றுவிடுகிறது. உள்ளே மூச்சு விடுகிற ஆள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் என்ன இருக்கிறது?

சாம்பல் நிறத்தில் நெளிநெளியாக இருக்கும் சிமென்ட் ஷீட்டைப் பார்க்காதவர் கொங்கு நாட்டில் யாரும் இருக்க முடியாது. பல்லடம், நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை, சோமனூர் பக்கம் தறிக் குடோன், மாட்டுக் கொட்டகை, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூட சைக்கிள் ஸ்டாண்டு என்று எங்கே பார்த்தாலும் இருக்கும். போத்தனூரிலும் பரமத்தி வேலூர் பக்கத்திலும் இந்த ஷீட் தயாரிக்கும் ஆலைகளே உண்டு. அதனால் இது வெளியூர்க்காரர்கள் பயமுறுத்தும் ஏதோ ஒரு பொருள் இல்லை. வீட்டுச் சாமான் மாதிரி பழகிவிட்ட ஒன்று.

ஷீட்டில் பெரும்பகுதி சிமென்ட். அதற்கு இழுவை வலிமை கொடுக்க, கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு அளவுக்கு 'கிரைசோடைல்' என்ற வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் நார் சேர்க்கப்படுகிறது. இது பாறையிலிருந்து வெட்டி எடுக்கும் கனிம நார். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாகப் பிரியும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, தும்மல்கூட வராது. காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும்.

மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் ஆழத்தில் தங்கிவிடும். நுரையீரல் இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் ஆகியவை இதனால் வருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் உட்பட எல்லா வகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வேலை இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் பாதிப்பால் மட்டும் உலகில் ஆண்டுக்கு 2 லட்சம் பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு.

தூசு நெஞ்சை அடைக்கும் என்பது கோவைக்குப் புதுசு இல்லை. பஞ்சாலைத் தூசால் வரும் பைசினோசிஸ் நோயை இந்த ஊர் பல தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. லீவு முடிந்து மில்லுக்குப் போன முதல் நாளே மூச்சு இறுகும். வேலைக்கும் நோய்க்கும் இருக்கும் தொடர்பு தொழிலாளிக்கே தெரிந்துவிடும்.

ஆஸ்பெஸ்டாஸ் அப்படி இல்லை. மூச்சில் போனதற்கும் நோய் வெளியே தெரிவதற்கும் நடுவில் 20, 30, 40 வருஷம்கூட ஆகும். 5 வயதில் இழுத்த மூச்சுக்கு 45 வயதில் கணக்கு வரலாம். அதற்குள் அந்த வீடும் இருக்காது, கூரையும் இருக்காது. டாக்டர் கேட்டால் "சிகரெட் பிடிப்பீங்களா?" என்றுதான் கேட்பார். "சின்ன வயசுல எந்தக் கூரைக்குக் கீழ இருந்தீங்க?" என்று கேட்பது அபூர்வம்.

சும்மா கிடக்கும் ஷீட் ஆபத்தா?

இதில் பயமுறுத்தவும் தேவையில்லை, மழுப்பவும் தேவையில்லை. நல்ல நிலையில், உடையாமல், யாரும் தொடாமல் இருக்கும் ஷீட்டிலிருந்து வெளியேறும் நார் மிகக் குறைவு. சிமென்ட் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஷீட் தயாரிப்பாளர்கள் எப்போதும் முன்வைக்கும் வாதம் இதுதான், அதில் உண்மையும் இருக்கிறது.

ஆனால் அந்த வாதம் புது ஷீட்டுக்குப் பொருந்தும். 30 வருஷ ஷீட்டின் கதை வேறு. வெயிலிலும் மழையிலும் மேல்பரப்புச் சிமென்ட் அரித்துப் போகும். பாசி பிடிக்கும். கையால் தடவினால் மாவு மாதிரி ஒட்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று எப்படி இருக்கும் என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷீட் ஆடி ஆடி, கொக்கி போட்ட துளையைச் சுற்றி விரிசல் விடும். உடைந்த துண்டு வாசலில் விழும். அதை மிதித்து நடப்பார்கள், காய்ந்த பிறகு விளக்குமாற்றால் கூட்டுவார்கள்.

இன்னொரு பக்கம், குடியிருப்பவர்கள் செய்யும் வேலைகள். டிஷ் ஆன்டெனா மாட்ட ஓட்டை போடுவது, ஃபேன் கொக்கிக்கு டிரில் பண்ணுவது, ஒழுகலை அடைக்க பாசியைச் சுரண்டுவது. 100 சதுர அடி அறையில், ஜன்னல் சின்னதாக இருக்கும்போது, இது திறந்தவெளிக் கோழிப் பண்ணையில் செய்யும் அதே வேலை கிடையாது. பண்ணையில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அறையில் அதே காற்றைக் குடும்பமே இரவு முழுக்க மூச்சாக விடும்.

அமெரிக்காவில் ஒரு அரசு எப்படிக் கோட்டை விட்டது?

அவசரகால வீட்டின் காற்று ஒரு நாட்டின் நாடாளுமன்றம் வரைக்கும் போன சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. அங்கே விஷயம் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை, ஃபார்மால்டிஹைடு. பொருள் வேறு என்றாலும், அரசு நடந்துகொண்ட விதம் கவனிக்க வேண்டியது.

2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா சூறாவளி லூசியானா, மிசிசிப்பி கடற்கரையைத் தாக்கியது. அடுத்த மாதமே ரீட்டா சூறாவளி. லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். பேரிடர் நிவாரண அமைப்பான ஃபெமா 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரெய்லர் வீடுகளையும் நகரும் வீடுகளையும் வாங்கியது. லாரிக்குப் பின்னால் இழுத்துவந்து நிறுத்தி, கரண்ட் கனெக்‌ஷன் கொடுத்தால் வீடு ரெடி.

அந்த வீடுகளின் சுவர், தரை, அலமாரி எல்லாம் பார்ட்டிக்கிள் போர்டும் பிளைவுட்டும். மரத்தூளை ஒட்ட வைக்கும் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். புதுசாக வாங்கிய அலமாரியைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, அந்த வாசனையில் அதற்கும் பங்கு உண்டு. இறைச்சல் வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்தால் இன்னும் அதிகம் வெளியேறும். மூடிய சின்ன டிரெய்லர், லூசியானா கோடை. கேட்கவா வேண்டும். மக்களுக்குக் கண் எரிச்சல், மூக்கில் ரத்தம், குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல்.

2006-ல் சியர்ரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 32 டிரெய்லர்களில் சோதித்தது. 30-ல் அளவு அதிகம். அதே ஆண்டு ஜூனில் ஒருவர் தன் டிரெய்லரில் இறந்து கிடந்தார். அவர் மறைவுக்குக் காரணம் காற்றுதானா என்று பார்க்க வேண்டும் என்ற பேச்சு ஃபெமாவுக்குள் எழுந்தது. அதே மாதம் அமைப்பின் வழக்கறிஞர் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல்தான் பிறகு பெரிய செய்தி ஆனது. நாங்கள் சொல்லும்வரை சோதனை எதையும் தொடங்க வேண்டாம், முடிவு கைக்கு வந்துவிட்டால் அதற்குப் பதில் நடவடிக்கை எடுக்கும் கடமைக்கான கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும் என்பது அதன் சாரம்.

அதாவது, தெரிந்துகொள்ளாமல் இருந்தால் பொறுப்பு இல்லை. அளந்துவிட்டால் மாட்டிக்கொள்வோம்.

பிறகு சோதனை நடந்தது. ஆனால் ஆள் இல்லாத 96 டிரெய்லர்களில். ஜன்னலைத் திறந்து வைத்தால் அளவு குறைகிறது என்று 2007 பிப்ரவரியில் ஒரு அறிக்கை வந்தது. நீண்டகால பாதிப்பையும் புற்றுநோயையும் பற்றிச் சொல்லாமல் விட்டது தப்பு என்று அந்த அறிக்கையைத் தந்த சுகாதார அமைப்பின் விஞ்ஞானி கிறிஸ்டோபர் டி ரோசாவே எச்சரித்தார். 2007 ஜூலை 19 அன்று, எம்.பி. ஹென்றி வேக்ஸ்மேன் தலைமையிலான நாடாளுமன்றக் குழு விசாரணையில் அந்த மின்னஞ்சல்கள் வெளியே வந்தன.

அதன் பிறகுதான் ஆள் குடியிருக்கும் 519 டிரெய்லர்களில் காற்றை அளந்தார்கள். 2008 பிப்ரவரியில் முடிவு வெளியானது. காற்றில் 100 கோடி பங்குக்குச் சராசரியாக 77 பங்கு ஃபார்மால்டிஹைடு. அதிகபட்சம் 590. சாதாரண வீட்டில் இது 10 முதல் 20 வரைதான் இருக்கும். அதுவும் அளந்தது குளிர்காலத்தில், மக்கள் இரண்டு கோடைகளை உள்ளே கழித்த பிறகு. கோடைக்கு முன்னால் எல்லோரையும் வெளியேற்ற வேண்டும் என்று அப்போதுதான் அவசரம் வந்தது.

2010-ல் மரப்பலகைகளில் ஃபார்மால்டிஹைடு அளவைக் கட்டுப்படுத்தும் தேசியச் சட்டம் வந்தது. 2012-ல் டிரெய்லர் தயாரித்தவர்களும் ஒப்பந்ததாரர்களும் சேர்ந்து 4.26 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தார்கள். சுமார் 55,000 பேருக்குப் பிரிக்க வேண்டிய தொகை. ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், வழக்கறிஞர் செலவு கழிப்பதற்கு முன்னாலேயே 800 டாலரைத் தாண்டாது.

கதை அங்கேயும் முடியவில்லை. "குடியிருக்கக் கூடாது" என்று ஸ்டிக்கர் ஒட்டி அதே டிரெய்லர்களை ஏலம் விட்டார்கள். 2010-ல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளர்கள் தங்கிய இடங்களில் அவை மறுபடி தென்பட்டன. ஸ்டிக்கரைக் கிழித்தால் மறுபடி வீடு. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கும் இதேதான் நடக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

இங்கே அரசு என்ன செய்தது?

2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் முகாம்களுக்கு 317.40 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தார். 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. பழுதடைந்த 7,469 வீடுகளை 231.54 கோடியில் புதிதாகக் கட்டித் தருவது இதில் முக்கியமான பகுதி. முதல் கட்டமாக 3,510 வீடுகளுக்கு 2021 நவம்பர் 2 அன்று வேலூர் மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2023 செப்டம்பரில் 13 மாவட்டங்களில் 1,591 வீடுகள், 79.70 கோடி செலவில் திறக்கப்பட்டன.

இந்த எண்களிலேயே ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. அறிவிப்பில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக 3.10 லட்சம் ரூபாய். கட்டி முடித்தபோது 5 லட்சம். அறிவித்த 7,469-ல் திறந்தது அந்த நேரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். மீதிப் பேர் பழைய கூரைக்குக் கீழேதான் காத்திருந்தார்கள்.

அதே அறிவிப்பில் இன்னொரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. முகாம் குடும்பங்களுக்கு இலவச கேஸ் இணைப்பும் அடுப்பும், வருஷத்துக்கு 5 சிலிண்டருக்குத் தலா 400 ரூபாய் மானியமும். பட்ஜெட் கணக்கில் இது சின்னத் தொகை. வீட்டுக்குள்ளே இருக்கும் காற்று என்று பார்த்தால், உடனடி பலன் தரும் உதவி இதுதான்.

காரணம், 10-க்கு 10 அறைக்குள் விறகு அடுப்பு எரிந்தால் ஷீட்டைப் பற்றிக் கவலைப்படவே நேரம் இருக்காது, புகையே முந்திக்கொள்ளும். விறகு, சாணம், மண்ணெண்ணெய் போன்றவற்றை வீட்டுக்குள் எரிப்பதால் வரும் காற்று மாசு 2020-ல் மட்டும் உலகில் 32 லட்சம் உயிர்களைப் பறித்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டுக் கிராம வீடுகளின் சமையல் புகையை அளந்து உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர், போரூர் ஸ்ரீராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன். அளந்தால் அது கொள்கை ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. வருஷத்துக்கு 5 சிலிண்டர் போதுமா என்பது வேறு கேள்வி. தீர்ந்துபோனால் மறுபடி விறகுக்குத்தான் போவார்கள்.

ஆக, புகைக்கு ஒரு பதில் வந்தது. கூரைக்கும் ஒரு பதில் வந்துகொண்டிருக்கிறது. இரண்டுமே 'நலத்திட்டம்' என்ற பெயரில் வந்தன. திட்டத்தின் 317.40 கோடிக்கு மூன்று தலைப்புகள்: வீடும் அடிப்படை வசதியும், கல்வியும் திறன் பயிற்சியும், வாழ்க்கைத் தர உதவி. காற்று என்று தனியாக ஒரு தலைப்பு அதில் இல்லை. தலைப்பு இல்லாத விஷயத்துக்கு அளவீடும் இருக்காது, பொறுப்பான அதிகாரியும் இருக்க மாட்டார்.

கூரையை இறக்கும் நாள் ஏன் முக்கியம்?

1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரத்தில் பெரிய நிலநடுக்கம். இடிந்த கட்டடங்களை அவசரமாக இடித்து அள்ளினார்கள். பல வருஷம் கழித்து, அந்த இடிபாடு வேலை பார்த்தவர்களில் சிலருக்கு மீசோதெலியோமா வந்தது. நிலநடுக்கத்தில் தப்பியவர்கள் தூசில் மாட்டிக்கொண்டார்கள்.

நம்மூரில் ஷீட் கழற்றுவது எப்படி நடக்கும்? மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர். துருப்பிடித்த கொக்கி கழலாது. சுத்தியால் ஒரு தட்டு. ஷீட் உடைந்து கீழே விழும். மீதியை கட்டிங் மெஷினால் அறுப்பார்கள். பக்கத்து அறையில் ஆள் குடியிருக்கும், வாசலில் குழந்தைகள் வேடிக்கை பார்க்கும். முகத்தில் துண்டு கட்டியிருந்தால் அதுவே பெரிய பாதுகாப்பு. ஆஸ்பெஸ்டாஸ் நாருக்குத் துண்டும் துணி மாஸ்க்கும் ஒன்றும் செய்யாது.

வரிசை வீடுகளில் கூடுதல் சிக்கல். ஒரு வரிசையை இடிக்கும்போது அடுத்த வரிசையில் குடும்பம் இருக்கும். புது வீடு கிடைக்காத குடும்பம் என்றால், கிடைத்தவர் வீட்டுத் தூசு மட்டும் இவர்களுக்கு வந்து சேரும்.

இதற்கு ராக்கெட் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. இறக்கும் முன்னால் ஷீட்டை நன்றாக நனைக்க வேண்டும். கொக்கியை வெட்டி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். மெஷினால் அறுக்கவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்களை அன்றைக்கு மட்டும் வெளியே அனுப்ப வேண்டும். துண்டுகளை ஈரத்தோடு தடித்த பாலிதீனில் சுற்றிக் கட்ட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் பொருட்களைக் கையாளவும், கழிவை அகற்றவும் இந்தியத் தர நிர்ணய அமைப்பே ஐ.எஸ். 11769, ஐ.எஸ். 11768 என்று வழிகாட்டுதல்களை 1980களிலேயே வெளியிட்டிருக்கிறது. டெண்டர் படிவத்தில் இந்த இரண்டு எண்களையும் சேர்த்து, தண்ணீர் லாரிக்கும் பாலிதீனுக்கும் ஒரு வரி எழுதினால், ஒப்பந்ததாரர் அதைச் செய்தே ஆக வேண்டும்.

சட்டம் யாரைப் பாதுகாக்கிறது?

1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் பற்றி முக்கியமான தீர்ப்பு ஒன்றைத் தந்தது. தொழிலாளியின் மருத்துவப் பதிவை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது ஓய்வுக்குப் பிறகு 15 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் வர எவ்வளவு காலம் ஆகும் என்பதை நீதிமன்றம் புரிந்துவைத்திருந்தது. ஆனால் அது ஆலைக்குள் வேலை பார்ப்பவருக்கு. ஷீட்டுக்குக் கீழே 30 வருஷம் படுத்துத் தூங்கியவருக்கு அப்படி ஒரு நோட்டு கிடையாது.

இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்துக்குப் புது உரிமம் தருவது 1986-லேயே நிறுத்தப்பட்டது. தோண்ட விடாத அதே பொருளை வெளிநாட்டிலிருந்து, முக்கியமாக ரஷ்யாவிலிருந்து, இறக்குமதி செய்து ஷீட் போடுகிறோம். 60-க்கும் மேற்பட்ட நாடுகள் இதை முழுசாகத் தடை செய்துவிட்டன. நேபாளம் 2015-லேயே தடை செய்தது.

இலங்கை கதை சுவாரசியமானது. 2018 முதல் ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அந்த நாடு அறிவித்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பெட்டியில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தடை போட்டது. இலங்கை ஆஸ்பெஸ்டாஸ் முடிவைத் தள்ளிவைத்தது. தேயிலைத் தடையும் விலகியது. ஒரு வண்டுக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இன்னும் ஷீட் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

பழைய சாம்பல் நிற ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. லேபில் மைக்ரோஸ்கோப்தான் சொல்லும். சந்தேகம் இருந்தால் இருப்பதாகவே வைத்துக்கொள்வது நல்லது.

ஓட்டை போடாதீர்கள், அறுக்காதீர்கள், காய்ந்த பாசியைக் கம்பி பிரஷால் சுரண்டாதீர்கள். வெயிலுக்காக மேலே வெள்ளை பெயின்ட் அடிப்பது கொங்கு பக்கம் வழக்கம். அது சூட்டையும் குறைக்கும், பரப்பையும் மூடிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அடிப்பதற்கு முன்னால் சுரண்டினால் கிடைக்கும் பலனைவிட வரும் தூசு அதிகம். நனைத்துத் துடைத்துவிட்டு அடிக்கலாம். அதையும் கூரைமேல் ஏறி நிற்காமல் செய்ய வேண்டும். பழைய ஷீட் ஆள் எடையைத் தாங்காது, உடைந்து விழுந்து உயிரே போகலாம்.

உடைந்த துண்டு விழுந்தால் கூட்டாமல், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் எடுத்து, கவரில் போட்டுக் கட்டி, துணியையும் சேர்த்து அதிலேயே போட்டுவிட வேண்டும். சமையல் உள்ளேயே என்றால் ஒரு ஜன்னலும் எதிரே ஒரு திறப்பும் கட்டாயம் வேண்டும்.

முகாமில் வீடு இடிக்கப் போகிறார்கள் என்றால், ஷீட்டை நனைத்து இறக்குவார்களா, எங்கே கொண்டுபோவார்கள் என்று வருவாய் ஆய்வாளரிடமோ முகாம் தனி தாசில்தாரிடமோ எழுத்தில் கேட்கலாம். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்தால் அதற்கு ஒரு எண் விழும். பதில் வந்தாலும் வராவிட்டாலும், கேட்ட தேதி பதிவாகிவிடும்.

கடைசியாக அந்தப் பழைய ஷீட். கொங்கு வட்டாரத்தில் பயன்படும் பொருளை யாரும் வீசுவதில்லை. முகாம் என்றில்லை, எந்த வீட்டில் கழற்றினாலும் நல்ல ஷீட் ஆட்டுப் பட்டிக்குப் போகும். பாதி உடைந்தது பாத்ரூம் மறைப்புக்குப் போகும். தூளானது பள்ளமான பாதையை நிரப்பப் போகும், அதன் மேல் டூவீலர் ஓடும். அபாயக் கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைக்கும் பொது நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. கோவையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் லாரி வாடகை யார் கொடுப்பது என்பது ஒவ்வொரு வீட்டு மதிப்பீட்டிலும் தனி வரியாக எழுதப்பட வேண்டிய தொகை.